கணிப்பொறித் தூரிகையும் ஒளிபுகாமையும்

கண்ணுக்குப் புலனாகும் பண்புகள் எத்தனை? 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னு அல்-ஹைதம், தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலில் அவற்றை 22 என வகுத்தார். ஒளி, நிறம், வடிவம் ஆகியவற்றோடு ஒளிபுகுதலையும் ஒளிபுகாமையையும் தனித்தனிப் பண்புகளாக எண்ணினார். அந்த ஒளிபுகாமையே இன்று ஓவிய மென்பொருள்களில் 'ஒபாசிட்டி' என்னும் பெயரால் 0 முதல் 100 விழுக்காடு வரை நகர்த்தத்தக்க அளவுகோலாக அமைந்துள்ளது. 100 என்றால் நிறம் அடியில் உள்ளதை முற்றிலும் மறைக்கும். 0 என்றால் நிறமே தோன்றாது.

இவ்வளவுகோல் மென்பொருளில் ஈரிடங்களில் உண்டு. ஒன்று தூரிகைக்கு உரியது; மற்றொன்று அடுக்குக்கு, அதாவது 'லேயருக்கு' உரியது. இரண்டும் ஒன்றே எனக் கொள்வதுதான் புதிதாகப் பயில்வோர் செய்யும் பெரும்பிழை.

தூரிகையின் அளவு

1980ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 வண்டியைத் தந்த ஓசூரில் வாகனங்களுக்கு வண்ணம் பூசும் முறையைப் பலரும் அறிவர். அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அதன்மேல் தெளிபூச்சு என ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். தெளித்த வண்ணத்தைப் பின்னர் மெலிதாக்க இயலாது. தூரிகையின் ஒளிபுகாமையும் அத்தகையதே. தீட்டும் நொடியிலேயே அது நிறத்தோடு கலந்துவிடும். பின்னர் அளவுகோலை மாற்றினாலும் முன்பு தீட்டியது மாறாது.

மேலும், 40 விழுக்காட்டில் ஒருமுறை தீட்டி, எழுதுகோலை எடுத்து, அதே இடத்தில் மீண்டும் தீட்டினால் 80 விழுக்காடு ஆகும் எனப் பலர் கருதுவர். அவ்வாறன்று. முதல் தீட்டலில் எஞ்சிய 60 விழுக்காட்டின் 40 பங்கே இரண்டாம் தீட்டலில் மறையும். ஆகவே கிடைப்பது 64. மூன்றாம் முறை 78.4. முகத்தின் நிழலைப் படிப்படியாக ஏற்றுவதற்கு இம்முறையே துணைபுரிகிறது.

அடுக்கின் அளவு

அடுக்கு என்பது படத்தின்மேல் வைத்த கண்ணாடித் தாள் போன்றது. அதன் ஒளிபுகாமை, தாளில் உள்ள அனைத்தையும் ஒருசேர மங்கச் செய்யும். எப்போது வேண்டினும் பழைய நிலைக்கு மீட்கலாம். 50 விழுக்காட்டுத் தூரிகையால் தீட்டியதை 50 விழுக்காட்டு அடுக்கில் வைத்தால் 25 விழுக்காடே தோன்றும். இரண்டும் பெருக்கப்படுவதே காரணம். இக்கணக்கை 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் முறைப்படுத்தி வெளியிட்டனர். 1994இல் வந்த ஃபோட்டோஷாப் 3.0, அடுக்குகளைப் பொதுப் பயனருக்கு அளித்தது.

பயன் யாது?

எல்லைப்புற ஊராகிய ஓசூரில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் உருதும் வழங்குகின்றன. கடைப்பலகை ஒன்றில் இருமொழி எழுத்துகளை வரைந்து, அவற்றின் பின்னே நிழல் தீட்டுவதாகக் கொள்வோம். "நிழல் கறுத்திருக்கிறது, எழுத்துத் தெரியவில்லை" என்கிறார் கடைக்காரர். நிழலைத் தனி அடுக்கில் வைத்தவர் அளவுகோலை 70இலிருந்து 35க்குக் குறைப்பார், வேலை முடிந்தது. எழுத்தின் அடுக்கிலேயே தூரிகையால் தீட்டியவரோ முழுவதையும் மீண்டும் வரைய நேரிடும். கூலிக்கு வடிவமைக்கும் இளைஞர்க்கு இஃது ஓரிரவின் உறக்கம்.

ஆதலின் மாணவர்கள் மூன்றை நினைவிற் கொள்ளுதல் நலம். சாயலை உருவாக்கத் தூரிகையின் அளவையும், முடிவைத் தள்ளிவைக்க அடுக்கின் அளவையும் கையாளுக. அடுக்குகளை ஒன்றாக இணைக்குமுன் இணைக்காத படி ஒன்றைச் சேமித்து வைக்க. கிரிட்டா, ஜிம்ப் முதலிய கட்டற்ற மென்பொருள்களில் இவற்றைப் பொருட்செலவின்றிப் பயிலலாம். எதை மாற்ற இயலும், எதை மாற்ற இயலாது என்பதைத் தீட்டுமுன் அறிந்தவனே தன் உழைப்பைக் காத்துக்கொள்கிறான்.