சர்ச்சில் வைத்த 13 ரூபாய் பாக்கி

மயிலாப்பூரில் எங்க தெரு மளிகைக்கடையில் இன்னும் அக்கவுண்ட் நோட்டு உண்டு. அதைப் பார்த்தாலே எனக்கு வின்ஸ்டன் சர்ச்சில் ஞாபகம்தான் வரும்.

1896-ல் நான்காம் ஹுஸார் குதிரைப்படையோடு அவர் பெங்களூர் வந்தபோது வயது 21. காலையில் அணிவகுப்பு, சாயங்காலம் போலோ, ராத்திரி மெஸ்ஸில் சாப்பாடு. நடுவே சும்மா கிடந்த பகல் பொழுதில்தான் கிப்பனையும் மெக்காலேயையும் படித்துத் தீர்த்தார்.

காசுக்கு என்ன வழி? சம்பளம் நாளுக்கு 14 ஷில்லிங். வீட்டிலிருந்து வருஷத்துக்கு 500 பவுண்டு வந்தும் போதவில்லை. மெஸ்ஸில் எல்லாருக்கும் ஒரே மேஜை. வருமானம்தான் வேற வேற. போலோ ஆடாமல், சீட்டில் கையெழுத்துப் போடாமல் ஒதுங்கினால் அந்தக் கூட்டத்தில் ஒருத்தராக இருக்க முடியாது. மீதியை உள்ளூர் வட்டிக்காரர்கள் கொடுத்தார்கள். வட்டி மாசத்துக்கு 2 சதவீதம் என்று அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அதிகாரிகள் கூடிய கிளப்பிலும் கடன். இன்றைய பெங்களூர் கிளப்பின் 1899-ஆம் வருஷப் பதிவேட்டில், வசூலாகாத பாக்கிகளில் அவர் பெயரும் இருக்கிறது: 13 ரூபாய்.

ஊதாரித்தனம் என்று சிரிக்கலாம். எனக்கென்னவோ அது அந்த மேஜையில் உட்காருவதற்கான வாடகையாகத்தான் தோன்றுகிறது. அவர் பாக்கி கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. என் பாக்கியை அண்ணாச்சி ஒண்ணாம் தேதியே கேட்டுவிடுவார்!