வெந்நீருக்கு எந்த ஹீட்டர்?

மார்கழி பிறந்துவிட்டால் வீட்டில் கேட்கிற முதல் குரலே, "வெந்நீர் ரெடியா?" என்பதுதான். கொல்லைப்புறத்தில் விறகு மூட்டிய காலம் போய், இப்போது பாத்ரூம் சுவரிலேயே வெந்நீர் வருகிறது. ஆனால், கடையில் விலையையும் நிறத்தையும் பார்த்து ஹீட்டரை வாங்குகிற நாம், அது மாட்டப்போகிற பாத்ரூமைப் பார்ப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்!

வாளியில் போடும் ஹீட்டர்

விலை குறைவு, வாடகை வீட்டுக்காரர்களுக்கு வசதி. 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட் செலவு. ஆபத்து ஷாக்தான். 'சூடாயிடுச்சா' என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கமே பலரது உயிரை வாங்கியிருக்கிறது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள். இரும்பு வாளி கூடவே கூடாது. குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு இது ஏற்றதல்ல.

எலெக்ட்ரிக் கெய்சர்

உடனே சுடவைக்கும் 3 லிட்டர் கெய்சர் சமையலறைக்குப் போதும். நான்கு பேர் குளிக்க 15 அல்லது 25 லிட்டர் வேண்டும். 2000 வாட் கெய்சர் 15 லிட்டரைச் சுமார் 20 நிமிடத்தில் சுடவைத்துவிடும். அணைத்துவிட்டுக் குளியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை, 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் சுவிட்ச் - இவை இல்லாமல் மாட்டவே வேண்டாம். போர் தண்ணீர் என்றால் உள்ளே உப்பு படியும். வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கேஸ் கெய்சர்

கரண்ட் செலவு மிச்சம், கொட்டும் வெந்நீர். ஆனால், எரிகிற அடுப்புக்குக் காற்று வேண்டுமே! மூடிய சின்ன பாத்ரூமில் ஆக்ஸிஜன் குறையக் குறைய, கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு வெளிவரும். சமையல் கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் மயக்கம். தாழ்ப்பாள் போட்டிருப்பதால் வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதேயில்லை.

"நாங்க ஜன்னலைத் திறந்துதான் வைப்போம்" என்பார்கள். குளிர்காலத்தில் யார் திறக்கிறார்கள்? கெய்சரும் சிலிண்டரும் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் இருக்க வேண்டும். அப்படி இடமில்லையா? இந்த வகையையே விட்டுவிடுங்கள். உள்ளே யாராவது மயங்கினால் கதவை உடைத்துத் திறந்து, கேஸை மூடி, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

சோலார்

மொட்டை மாடி சொந்தமாக இருந்தால் சோலார் யோசிக்கலாம். மூன்று, நான்கு பேருக்கு 100 லிட்டர் போதும். முதலில் செலவு அதிகம். பிறகு வெயிலே கொடுத்துவிடும். மழைநாளில் மட்டும் மாற்று ஏற்பாடு தேவை.

எந்த ஹீட்டரானாலும், குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும். கடைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை உங்கள் பாத்ரூமுக்குள் நின்று பாருங்கள். காற்று வருகிறதா, எர்த் இருக்கிறதா? எந்த ஹீட்டர் என்பதை அதுவே சொல்லிவிடும்.