இழப்பீட்டு மனுவில் கையெழுத்துப் போடும் முன்

பவர் பிரஸ்ஸில் ஒருவருக்கு இரண்டு விரல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அவசரமாகக் கொண்டுபோகும் ஆஸ்பத்திரியில் முதலில் எழுதப்படுவது விபத்துப் பதிவேடு. 'ஏ.ஆர். காப்பி' என்று எல்லோரும் பின்னால் தேடி அலைவது அதைத்தான். காயம்பட்டவர் பேசும் நிலையில் இருக்கமாட்டார். கூட வந்த சூப்பர்வைசர் சொல்வதே பல நேரம் அதில் ஏறிவிடும். 'வீட்டில் கிரைண்டரில் கை மாட்டியது' என்று ஒரு வரி விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்த மன்றத்துக்குப் போனாலும் அந்த ஒற்றை வரியோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

வேலையில் அடிபட்டால் நமக்குத் தெரிந்த வழி தொழிலாளர் இழப்பீடு. 1923ஆம் ஆண்டுச் சட்டம் அது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. அதன் பெரிய சௌகரியம், முதலாளி மேல் தவறு இருந்ததென்று நிரூபிக்க வேண்டியதில்லை என்பது. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்தது என்று காட்டினால் போதும். ஆனால் பணம் ஒரு வாய்ப்பாட்டுக் கணக்கில்தான் வரும்: சம்பளத்தில் பாதி அல்லது அறுபது சதவீதம், அதை வயதுக்கு உரிய ஓர் எண்ணால் பெருக்கினால் முடிந்தது. வலிக்கும் வேதனைக்கும் அதில் இடமில்லை.

சம்பளத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரியில் மத்திய அரசு அதை மாதம் 15,000 ரூபாய் என்று வைத்தது. அதன் விளைவு என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முப்பது வயது டெலிவரி வேன் டிரைவர், சம்பளம் 18,000, வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய். எதிரே வந்த லாரி மோதி இறந்துவிடுகிறார். தவறு லாரி மேல். இழப்பீட்டுச் சட்டப்படி 15,000-இல் பாதி 7,500. முப்பது வயதுக்கான எண் 207.98, பெருக்கினால் 15,59,850 ரூபாய். இதே குடும்பம் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனால் உச்சவரம்பு கிடையாது. சரளா வர்மா, பிரணய் சேத்தி வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, எதிர்கால உயர்வுக்கு நாற்பது சதவீதம் கூட்டி, அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து, ஆண்டுக் கணக்காக்கி, அவர் வயதுக்கு உரிய 17-ஆல் பெருக்க வேண்டும். 38,55,600 ரூபாய் வருகிறது. இறுதிச் சடங்குச் செலவு போன்றவை இதற்கு மேல்.

இரண்டையும் வாங்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது. ஒரு வழியில் போய் முடித்துவிட்டு மற்றதற்குத் திரும்ப முடியாது என்பதை 2005-இல் மஸ்தான் வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அதேநேரம், வேன் தானாகவே மரத்தில் மோதியிருந்தாலோ தவறு நம் டிரைவர் மேல் இருந்தாலோ, இழப்பீட்டுச் சட்டம்தான் கைகொடுக்கும். ஆகவே யார் மேல் தவறு என்பதை முதல் தகவல் அறிக்கையைப் பார்த்து முடிவு செய்துவிட்டு மனுவை எழுத வேண்டும். முதலில் கிடைத்த படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு அப்புறம் யோசிக்கும் குடும்பங்களே இங்கே அதிகம்.

இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் என்ற அளவில் உதவித்தொகையும் மருத்துவமும் கிடைக்கும். முதலாளி சந்தா கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும், இ.எஸ்.ஐ. கழகம் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்க வழி உண்டு. அதற்கு விலையாக, முதலாளி மேல் தனியே நஷ்டஈடு கேட்கும் உரிமை போய்விடுகிறது. சிவில் வழக்கும் முடியாது என்று 1997-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் தடை முதலாளியையும் அவருடைய ஆட்களையும்தான் குறிக்கிறது. மோதியது யாரோ ஒரு வெளியாரின் லாரி என்றால், அவர் மேல் கேட்பதற்கு இடமிருக்கிறது.

இ.எஸ்.ஐ. இல்லாதவர் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். அங்கே முதலாளியின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும். பிரஸ்ஸின் சென்சாரை உற்பத்தி வேகத்துக்காகக் கழற்றி வைத்திருந்தார்கள், இரட்டைப் பொத்தானில் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள் என்பது போன்ற ஆதாரம் கையில் இருந்தால் வழக்குக்குப் பலம். மெஷினை மறுநாளே சரிசெய்துவிடுவார்கள் என்பதால், அன்றைக்கே செல்போனில் எடுத்த ஒரு படம் பத்து சாட்சிக்குச் சமம். வலி, வேதனை, எதிர்கால வருமானம் எல்லாவற்றையும் இங்கே கேட்கலாம். குறைகளும் உண்டு: வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் மூன்று சதவீதம். 20 லட்சம் கேட்டால் 60,000 ரூபாய். கட்ட வசதியில்லாதவர் அதை நிரூபித்துக் கட்டணமின்றி வழக்குப் போடச் சட்டம் அனுமதிக்கிறது. சிவில் வழக்குப் போட்டால் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட முடியாது, அங்கே போட்டால் இங்கே முடியாது. உயிரிழப்பு என்றால் வாரிசுகள் இரண்டு ஆண்டுக்குள் வழக்கைப் போட்டாக வேண்டும்.

போலீஸ் வழக்கு இவற்றோடு முட்டிக்கொள்வதில்லை. அலட்சியத்தால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கொடுங்காயம் என்றால் 125. தொழிற்சாலை ஆய்வாளர் தொடுக்கும் வழக்கு தனி. புதிய தொழில்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம் அபராதம். அதில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுக்கோ கொடுக்கக் கோர்ட் உத்தரவிடலாம். பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. இந்த மாற்றம் நல்லதுதான், ஆனால் யாராவது கோர்ட்டில் எழுந்து கேட்டால்தான் பலன்.

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு வழி தெரிந்திருக்கும். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரித்து, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் வழங்கச் சொன்னது. அபாயகரமான பொருளைக் கையாளும்போது நேரும் விபத்து அந்தத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவுக்குள் வருகிறது. ஐந்து ஆண்டுவரை மனு போடலாம். சாக்கடைக் குழியில் இறங்கி இறந்தவர்களுக்கு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் என்று நிர்ணயித்தது, நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். ஒப்பந்தக்காரர் மூலம் இறக்கினோம் என்று நகராட்சி கைகழுவ நினைத்தால், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

இதையெல்லாம் குலைக்க நிர்வாகம் வைத்திருக்கும் ஆயுதம் ஒரு பத்திரத்தாள். 'இரண்டு லட்சம் பெற்றுக்கொண்டேன், இனி எந்த வழக்கும் போடமாட்டேன்' என்ற செட்டில்மெண்ட். இழப்பீட்டு உரிமையை இப்படி எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. ஆணையரிடம் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம்.

வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். ஏ.ஆர். காப்பி, சம்பளச் சீட்டு, அடையாள அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோக வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இலவச உதவிக்கு உரியவர் பட்டியலில் 'தொழிற்சாலைத் தொழிலாளி' தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறார். அவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை.