முலுண்ட் காட்டுக்கு எந்த ஊர் விதை?

மும்பை: வெட்டப்படும் மரங்களுக்கு ஈடாக எத்தனை மரக்கன்றுகள் நடப்படும் என்ற கணக்கு, அரசாணைகளிலும் நீதிமன்ற விசாரணைகளிலும் தவறாமல் இடம்பெறுகிறது. அக்கன்றுகள் எந்த ஊர் விதையில் முளைத்தவை என்ற கேள்வி எழுவது அரிது.

கோரேகாவையும் முலுண்டையும் இணைக்கும் 12.2 கி.மீ. சாலைத் திட்டத்தில், 4.7 கி.மீ. நீள இரட்டைச் சுரங்கப்பாதை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் அடியில் செல்கிறது. இத்திட்டத்துக்காகக் கோரேகாவ் திரைப்பட நகரில் 95 மரங்களை வெட்ட 2025-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அனுமதி அளித்தது. ஈடாக மரம் வளர்க்கும் பணி முறையாக நடைபெற வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது.

மண்ணோடு பொருந்திய மரபு: மரம் இடம்பெயர இயலாது. தலைமுறைதோறும் முளைக்கும் எண்ணற்ற நாற்றுகளில், அவ்விடத்து மழையையும் வறட்சியையும் மண்ணையும் தாங்கியவையே பிழைத்து விதை தருகின்றன. இவ்வாறு ஒரே இன மரமும் ஊருக்கு ஊர் மரபியல்பில் வேறுபடுகிறது. மும்பையில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கும் அதிகமாகப் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. எஞ்சிய எட்டு மாதங்கள் பெரும்பாலும் வறட்சிதான். முலுண்டை ஒட்டிய காட்டு மரங்கள் இந்த இரண்டையும் தாங்கி நிலைத்தவை.

தேக்கு தந்த சான்று: இப்பூங்காவிலும் வளரும் தேக்கு இதற்கு நல்ல சான்று. 1970-களில் டென்மார்க்கின் ஒத்துழைப்புடன், இந்தியா, தாய்லாந்து, லாவோஸ், இந்தோனேசியா உள்ளிட்ட நாடுகளின் தேக்கு விதைகள் பல வெப்ப மண்டல நாடுகளில் அருகருகே வளர்த்து ஒப்பிடப்பட்டன. ஒரே மண், ஒரே மழை. ஆயினும் வளர்ச்சியிலும் தண்டின் நேர்த்தியிலும் விதையின் பிறப்பிடத்துக்கேற்ப வேறுபாடு தெரிந்தது.

பொருந்தாத பயிர் ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். பொருந்தாத மரமோ பல ஆண்டுகள் பசுமையாக நின்று, ஒரு கடும் வறட்சியில் பட்டுப்போகலாம். அதற்குள் அதன் மகரந்தம் உள்ளூர் மரங்களோடு கலந்திருக்கும்.

பருவநிலை மாறிவரும் நிலையில், வெப்பம் மிகுந்த பகுதிகளின் விதைகளையும் ஓரளவு சேர்க்கலாம் என்று வாதிடும் அறிவியலாளர்களும் உள்ளனர். எந்த வாதத்தை ஏற்றாலும் விதையின் பிறப்பிடம் தெரிந்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999-ஆம் ஆண்டு உத்தரவு, வணிகத்துக்கு வரும் முக்கிய வன மர விதைகளுடன் பிறப்பிட விவரத்தையும் தரச் சொல்கிறது.

கோவையில் இயங்கும் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் போன்ற அமைப்புகள் இந்தியாவிலும் உள்ளன. பூங்காவின் நலமான பல தாய் மரங்களில் விதை திரட்டி நாற்றங்கால் அமைப்பதும், கன்றுகளின் எண்ணிக்கையோடு விதையின் பிறப்பிடத்தையும் பதிவு செய்வதும் பெரும் செலவு பிடிக்கும் பணியல்ல. முலுண்டில் அதைத் தொடங்கலாம்.