செல்லோ: வால் மட்டும் மிஞ்சிய பெயர்

உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில் போடுகிறார்களே, அந்த செல்லோவின் முழுப்பெயர் ‘வியோலொன்செல்லோ’. இத்தாலியப் பெயர். டீ ஆறுவதற்குள் அதைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் வியோலா. அதன் வாலில் ‘ஓனே’ ஒட்டினால் பெரியது: வியோலோனே, அடிச்சுருதி வாசிக்கும் பெரிய வாத்தியம். அதற்குப் பின்னால் ‘செல்லோ’ சேர்த்தால் அதில் சிறியது. ஆக, ‘சின்னப் பெரிய வியோலா’! வயலினிலிருந்து வந்த பெயர் என்று நினைத்து ‘வயலின்செல்லோ’ என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது தவறு. வயலினே ‘சின்ன வியோலா’தான்.

பெரியதை ஏன் சிறிதாக்கினார்கள்? விஷயமே இங்கேதான் இருக்கிறது. அக்காலத்தில் தந்தி என்றால் ஆட்டுக்குடலை முறுக்கிய நரம்பு. கீழ்ஸ்தாயி வேண்டுமென்றால் நரம்பு நீளமாகவோ தடிமனாகவோ இருக்க வேண்டும். தடித்த நரம்பு விறைப்பாக இருக்கும். வில்லை இழுத்தால் நாதம் மழுங்கிவிடும். அதனால் நீளத்தைக் கூட்டினார்கள்; வாத்தியமும் பெருத்தது. விரல்தான் பாவம், எட்டி எட்டித் தவித்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் நரம்பின்மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றும் உத்தி வந்தது. தடிமன் அதிகம் ஏறாமல் எடை மட்டும் ஏறியது. குட்டையான தந்தியிலும் கீழ்ஸ்தாயி தெளிவாகப் பேசியது. உடம்பைக் குறைக்க வழி பிறந்தது.

ஏறத்தாழ அதே சமயம், 1665இல், பொலோஞாவைச் சேர்ந்த ஜூலியோ சேசரே அர்ரெஸ்தியின் சொனாட்டாத் தொகுப்பில் ‘வியோலொன்செல்லோ’ என்ற சொல் அச்சேறியது. கிரெமோனாவில் வாத்தியத் தச்சர் ஸ்ட்ராடிவாரி முதலில் செல்லோவைச் சுமார் 79 செ.மீ. உடம்போடு பெரிதாகவே செய்துவந்தார். 1707 வாக்கில் அதைச் சுமார் 76 செ.மீ.க்கு இறக்கினார். இன்றைய செல்லோக்களின் அளவும் கிட்டத்தட்ட அதுதான்.

அப்புறம்தான் சுருக்கம். நீளப் பெயரைச் சொல்ல யாருக்குப் பொறுமை? வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் அந்த வாலுக்கு முன்னால் மேற்குறி ஒன்று தொங்கும், தலை போனதற்கு அடையாளமாக. பிறகு அதுவும் உதிர்ந்தது. மிஞ்சிய சொல்லில் வாத்தியமே இல்லை, ‘சின்ன’ என்ற விகுதிதான். வயலினுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இத்தாலியர்கள் இன்றும் முழுப்பெயரைத்தான் எழுதுகிறார்கள். ஆர்கெஸ்ட்ரா இசைத்தாளிலும் செல்லோவின் வரிக்கு எதிரே ‘வி.சி.’ என்றே போட்டிருக்கும். பேச்சில் விழுந்துவிட்ட ‘வி’ அங்கே பத்திரமாக இருக்கிறது.