பேனாவும் தூதும்

கேட்டதை நாலு பேர் அறியச் சொல்வது பத்திரிகைக்காரரின் தர்மம். சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்லிவிட்டு வாய்மூடி இருப்பது தூதரின் தர்மம். இவ்விரண்டு தொழில்களையும் செய்த ஒரு சீனப் பெண்மணியின் சரிதத்தை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பீகிங் நகரில் பிறந்தவர் சென் ஸியாங்மெய். ஹாங்காங்கில் வசித்து வருகையில், 1941-ம் வருஷம் டிசம்பரில் ஜப்பானியர் அந்நகரைக் கைப்பற்றினர். தாயை இழந்திருந்த அவர், சகோதரிகளுடன் சீனத்தின் உட்பகுதிக்கு அகதியாகச் சென்றார். 1944-ல் சீன மத்தியச் செய்தி ஸ்தாபனத்தின் நிருபரானார். குன்மிங் நகரில், 'பறக்கும் புலிகள்' விமானப் படையை நடத்திப் புகழ்பெற்ற அமெரிக்கத் தளபதி கிளேர் ஷென்னால்ட்டைச் சந்தித்தார். 1947-ல் இருவருக்கும் விவாகம் நடந்தது. அது முதல் அவர் அன்னா ஷென்னால்ட்.

1958-ல் கணவர் காலமானார். இரு பெண்குழந்தைகளுடன் வாஷிங்டனில் குடியேறிய அன்னா, தம் சாமர்த்தியத்தால் குடியரசுக் கட்சியில் செல்வாக்குப் பெற்றார். அவர் அளித்த விருந்துகளில் பிரமுகர்களும் ஸ்தானிகர்களும் கூடினர்.

1968-ல் வியட்நாம் யுத்தத்தை முடிக்கப் பாரிஸில் பேச்சு நடந்தது. அக்டோபர் 31-ந் தேதி, வட வியட்நாம்மீது குண்டு வீசுவதை நிறுத்துவதாக ஜனாதிபதி ஜான்ஸன் அறிவித்தார். தேர்தலுக்கு ஐந்தே நாட்கள்! சமாதானம் நெருங்கினால் எதிர்க்கட்சி வேட்பாளர் நிக்ஸனுக்கு நஷ்டம். தென் வியட்நாம் ஸ்தானிகரை அன்னா நன்கறிவார். அவசரப்பட வேண்டாம், பொறுத்திருங்கள் என்ற செய்தி அவர் வழியே சென்றது. நவம்பர் 2-ந் தேதி, பேச்சில் கலந்துகொள்ளத் தென் வியட்நாம் மறுத்தது. நிக்ஸன் வென்றார். ஒற்றர் மூலம் விஷயமறிந்த ஜான்ஸன் அதைப் பகிரங்கப்படுத்தவில்லை. இதில் நிக்ஸனுக்கே பங்குண்டு என்பதைக் காட்டும் அவரது உதவியாளரின் குறிப்பு 2017-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

சமாதான உடன்படிக்கை 1973-ல் கையெழுத்தாயிற்று. இடையே மாண்ட அமெரிக்கர் 20,000-க்கு மேல். வியட்நாமியரோ அதனினும் பன்மடங்கு. தூது இல்லாவிடினும் தென் வியட்நாம் மறுத்தே இருக்கும் என்று வாதிப்போர் உண்டு. இருக்கலாம்.

1981-ல் அன்னா பீகிங் சென்று டெங் ஸியாவோபிங்கைக் கண்டார், 2018-ல் மறைந்தார்.

அகதியாய் வந்து ஒரு வல்லரசின் தலைநகரில் தமக்கென ஓரிடம் தேடிக்கொண்ட அவர் துணிவை மெச்சுகிறோம். ஆயினும், ஸர்க்கார் அனுப்பும் தூதருக்கு ஜனங்கள் கணக்குக் கேட்கலாம். விருந்து மண்டபத்திலிருந்து புறப்படும் தூதுக்கு யார் கணக்குக் கேட்பது? யுத்தத்தின் கொடுமையை இளமையிலேயே கண்ட ஒருவர் கையால் அச்செய்தி சென்றதே என்பதுதான் நம் வருத்தம்.