காத்திருப்பும் கணினியும்

வங்கியிலும் மருத்துவமனையிலும் நாம் வரிசையில் நிற்கிறோம். காசாளர், மருத்துவர், படுக்கை ஆகிய வளங்கள் சில. நாடி வருவோரோ பலர். வருகை, பணித்தொடக்கம், பணிமுடிவு என ஒவ்வொரு நிகழ்வாக இதனைக் கணினியில் நடத்திப் பார்ப்பதே நிகழ்வுவழிப் போலச்செய்தல்.

1961-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜெஃப்ரி கார்டன் இதற்கென ஜி.பி.எஸ்.எஸ். என்னும் மொழியை உருவாக்கினார். அதில் 'சீஸ்' என்னும் கட்டளை வளத்தைக் கைக்கொள்ளும். 'ரிலீஸ்' என்னும் கட்டளை அதனை விடுவிக்கும். விடுவிக்கும் வரை பின்வந்தோர் காத்திருப்பர்.

ஒரு காசாளர் மணிக்குச் சராசரியாக 10 பேரைக் கவனிக்க வல்லவர் என்க. வருகை இடைவெளியும் பணிநேரமும் அடுக்குக்குறிப் பரவலில் அமைந்தால், மணிக்கு 8 பேர் வரும்போது வரிசையில் சராசரிக் காத்திருப்பு 24 நிமிடம். 9 பேர் வரும்போது 54 நிமிடம். 10 பேராயின் வரிசை எல்லையின்றி வளரும். ஒருவர் கூடியதற்கே காத்திருப்பு இரு மடங்கினும் மிகுந்ததைக் காண்க!

இவ்வெளிய நிலைக்குச் சூத்திரமே போதும். அவசர நோயாளிக்கு முன்னுரிமை, மருத்துவரும் படுக்கையும் ஒருங்கே தேவைப்படுதல், கருவி பழுதாதல் ஆகியன கலக்கும்போது போலச்செய்தலே கைகொடுக்கிறது.

ஆகவே, காசாளர் சிறிது ஓய்ந்திருப்பதைக் கண்டு ஆட்குறைப்புச் செய்வது சிக்கனமன்று. மருத்துவமனையிலோ அச்சிறு ஓய்வு ஓர் உயிரின் விலையாகலாம். வளம் என்பது அமானிதம். உரிய வேளையில் விடுவிப்பதும், வருவோர்க்கு இடம் வைப்பதும் அதனைப் பேணும் முறையாகும்.